மடக்கிய குடை

அந்தக் குடையை நான் மொத்தம் எட்டு முறை மடக்கியிருக்கிறேன். ஏழு முறை நியாயமாக மடக்கினேன். எட்டாவது முறை மடக்கியது ஏன் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர்: கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர், என் தம்பி, நான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். நிற்கட்டும். கோபத்தோடேயே சொல்லிவிடுகிறேன்.

புல்தரை டென்னிஸ் வந்த புதிது. ஆண்கள் முழுக்கால் சட்டையோடும் பெண்கள் தரையைக் கூட்டும் பாவாடையோடும் ஆடினார்கள். குதிரை இழுக்கும் உருளையால் புல்லைச் சமன்செய்வார்கள். குளம்பு பட்டுப் புல் கிழியாமலிருக்கக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டுவார்கள். ரப்பர் பந்தின்மேல் வெள்ளைக் கம்பளித் துணியைக் கையால்தான் தைத்தார்கள். அப்படித் தைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இருபது பந்து தைப்பேன். முடிச்சை உள்ளே தள்ளி, மேலே ஒரு குறுக்குத் தையல் போடுவது என் வழக்கம். மற்ற யாரும் அந்த வேலைக்கு மெனக்கெட மாட்டார்கள்.

தம்பி நில அளவைத் துறை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். முடி போல மெல்லிய கோடு இழுக்க அந்த அலுவலகத்தில் அவனை விட்டால் ஆள் இல்லை. ஆட்டத்தை அவன் ஆசைக்குத்தான் ஆடினான். ஆடியதற்குக் காசு வாங்கினால் தொழில்காரன் என்று சொல்லி கிளப்புக்குள் விடமாட்டார்கள். அக்கா பந்து தைத்துச் சம்பாதித்தால் தம்பியும் தொழில்காரனா என்று கிளப் செயலாளர் ஒருமுறை கூட்டம் போட்டே ஆராய்ந்தார்.

"தைக்கிறது நான், அடிக்கிறது அவன். தப்புன்னா என்னை வெளிய நிறுத்துங்க, நான்தான் உள்ளயே வரலையே" என்றேன். செயலாளர் மீசையைத் தடவிக்கொண்டு அதோடு விட்டார்.

தம்பிக்கு அங்கே 'நியாயம்' என்று பட்டப்பெயர். கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று நடுவர் தவறாகச் சொல்லி, அது அவனுக்குச் சாதகமாகப் போனால், அடுத்த பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்துவிடுவான். எதிராளிக்குப் போக வேண்டிய புள்ளி எதிராளிக்கே போய்விடும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலர் இதைச் செய்தார்கள் என்றாலும், பாதிப் பேர் கூட்டம் பார்க்கும்போது மட்டும் செய்வார்கள். இவன் ஆளில்லாத மூலைக் களத்திலும் செய்தான். "நியாயம் வந்தாச்சு, இனி நடுவர் வீட்டுக்குப் போகலாம்" என்று கேலி பேசுவார்கள்.

முதல் கோப்பையை ஜெயித்த அதே ஆண்டு, வலைக்குப் பக்கத்தில் நின்று பழகும்போது ஒரு பந்து அவன் வலக் கண்ணில் அடித்தது. வீக்கம் வற்றியது, பார்வை மட்டும் திரும்பவில்லை. வெளியே யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. ஒற்றைக் கண்ணோடு பந்தை அடிக்க எப்படியோ பழகிக்கொண்டான். எதிர்ப்பக்கத்துக் கோட்டை உரசிக்கொண்டு விழும் பந்துதான் அவனுக்குப் பிடிபடவில்லை. அப்போதுதான் என்னிடம் வந்தான்.

"அக்கா, நீ பின்கோட்டுக்கு நேரா உட்காரு. தப்பாச் சொல்லி எனக்கு ஒரு புள்ளி வந்துச்சுன்னா, குடையை மடக்கு. நான் பார்த்துக்கறேன்."

திருடுவதற்குச் சைகை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருடாமலிருக்கச் சைகை வைத்தவன் என் தம்பி ஒருவன்தான். சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. "கண்ணே நீதான்னு சொல்ற. சரிடா, ஆகட்டும்" என்றேன். அடுத்து வந்த ஆட்டங்களில் ஏழு முறை மடக்கினேன். ஏழு முறையும் ஏன், எதற்கு என்று கேட்காமல் அவன் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு கோப்பை ஜெயித்தவன் இந்த ஆண்டு முதலிலிருந்து ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒரு வாரம் முட்டிமோதி, கடைசியில் மிஞ்சுபவன் அவனோடு மோத வருவான். ஒரே ஓர் ஆட்டம். இரண்டாம் கோப்பையை என் தம்பி ஒற்றைக் கண்ணோடு அப்படித்தான் வைத்துக்கொண்டான். மூன்று ஆண்டு தொடர்ந்து ஜெயித்தால் கோப்பை அவனுக்கே சொந்தம்.

மூன்றாம் ஆண்டு ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது அலுவலகத்திலிருந்து மேலதிகாரி ஒரு வரைபடத்தைச் சுருட்டி வீட்டுக்கே அனுப்பினார். பிரித்துப் பார்த்தேன். ஆற்றங்கரை ஓரத்தில் காகிதத்தில் ஓட்டை. மைப்பொட்டு விழுந்தால் சிறு கத்தியால் சுரண்டி எடுப்பது அவர்கள் வேலையில் சகஜம். ஆனால் அங்கே மையின் சுவடே இல்லை. வெறும் வெள்ளைக் காகிதத்தை ஓட்டையாகும் வரை சுரண்டியிருந்தான்.

"என்னடா இது?"

"பொட்டு இருந்துச்சு அக்கா. சுரண்டச் சுரண்ட நகர்ந்துகிட்டே போச்சு."

அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இருட்டறையில் விளக்கும் கண்ணாடியும் வைத்து அவர் நெடுநேரம் பார்த்தார். நல்ல கண்ணாக இருந்த இடக் கண்ணில், உள்ளே இருக்கும் படலம் ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம் போல ஓரத்தில் பிரிய ஆரம்பித்திருக்கிறது என்றார். இரண்டு மாதம் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும், தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைக்க வேண்டும், அப்போது ஒட்டினாலும் ஒட்டலாம்.

"ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, தலையைச் சடக்குன்னு திருப்பக் கூடாது. பக்கத்துல இருந்து திரை மாதிரி ஏதாவது இறங்குனா, எங்க இருக்கீங்களோ அங்கயே படுத்துடணும். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலை விரித்தேன். தம்பி அதில் உட்காரக்கூட இல்லை.

"ஒன்பது நாள் அக்கா. ஆடிட்டு வந்து படுக்கறேன்."

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஒரு தகரக் கிண்ணத்துக்காகவா கண்ணைக் கொடுப்ப?"

"படுத்தா கண்டிப்பாப் பார்வை நிக்கும்னு அவரு சொன்னாரா? ஒட்டினாலும் ஒட்டலாம்னுதானே சொன்னாரு? ஒட்டலைன்னா, நான் கடைசியாப் பார்த்தது இந்தக் கூரையா இருக்கும். அதுக்குப் பந்தாவே இருந்துட்டுப் போகட்டும்."

அழுதேன், கத்தினேன், மட்டையைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். செயலாளரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். நானும் ஒரு மடச்சி, செய்து கொடுத்தேன்.

அந்த வாரம் முழுக்க மற்றவர்கள் ஆடினார்கள். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் யார் தோற்றார்கள், யார் மிஞ்சினார்கள் என்று சேதி வரும். வீட்டு வாசலை நோக்கி யாரோ ஒவ்வோர் அடியாக நடந்து வருவது போல எனக்கு இருந்தது. கடைசியில் மிஞ்சியவனுக்கு 'ஒட்டகம்' என்று பெயர். நெட்டையன், நல்ல பையன். பந்தை வானத்துக்குத் தூக்கி அடிப்பதில் கெட்டிக்காரன். அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் ஓட வேண்டிய பந்துகள்.

ஆட்டத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நான் பின்கோட்டுக்கு நேராக, மூன்றாம் வரிசையில், குடையை விரித்து உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் மர நாற்காலியில் கோட்டுக்காரர், அதாவது பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியேயா என்று சொல்பவர். கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர்தான் அவர். ஒல்லியான மனிதர். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வேலை செய்து வலக் கண்ணைச் சுற்றி வளையம் பதிந்திருக்கும். பந்து வெளியே போனால் "வெளியே" என்று கத்துவார். உள்ளே விழுந்தால் இரு கைகளையும் முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்.

முதல் செட்டைத் தம்பி எடுத்தான். அடுத்த இரண்டும் ஒட்டகத்துக்குப் போயின. இருவரும் பக்கம் மாறி மாறி ஆட, நான்காவது செட்டின் நடுவில் தம்பி எனக்கு எதிர்ப்பக்கத்துக்குப் போய் என்னைப் பார்த்தபடி நின்றான். இடது பக்கம் வந்த ஒரு லேசான பந்தை, வந்ததே தெரியாதவன் போல விட்டுவிட்டான். கூட்டம் 'ச்சொ' கொட்டியது. பிறகு கையைத் தூக்கி, முகத்துக்குப் பக்கத்தில் தொங்கும் துணியை விலக்குவது போல விலக்கினான். மறுபடியும் விலக்கினான். அங்கே துணியும் இல்லை, ஒன்றும் இல்லை.

திரை இறங்கிவிட்டது. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அந்த நிமிடம் இதுதான். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று களத்துக்குள் இறங்கி அவனைப் புல்லிலேயே படுக்க வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். அவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தான், ஒட்டகம் பாட்டுக்குப் பந்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு பந்துக்கும் தம்பியின் தலை அண்ணாந்தது.

ஒட்டகத்துக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும், கோப்பை அவனுக்கு என்ற நிலை வந்தது. கடவுளே, அந்தப் புள்ளி அவனுக்கே போகட்டும், இது முடியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பந்து இருபது தடவையாவது வலையைத் தாண்டியிருக்கும். கடைசியில் தம்பி உடம்பெல்லாம் முறுக்கி நீளமாக ஒன்று அடித்தான். அது ஒட்டகத்தைத் தாண்டி, என் கண்ணெதிரே, பின்கோட்டின் மேல் விழுந்தது. சுண்ணாம்பு புகை போல எழும்பியது. கோட்டுக்காரர் கைகள் முழங்காலில் விரிந்தே இருந்தன. புள்ளி தம்பிக்கு. ஆட்டம் முடியவில்லை. இன்னும் ஒரு மணி நேரமோ, இரண்டு மணி நேரமோ நீளும்.

வழக்கம்போல அவன் என்னைப் பார்த்தான்.

மற்ற ஏழு முறையும் நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கு யோசித்தேன். யோசித்துத்தான் செய்தேன். கை தவறியது, காற்று அடித்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். குடையை மடக்கினேன்.

தம்பியின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அடுத்த பந்து வரை அவன் காத்திருக்கவில்லை. தன் பந்து வெளியே போயிருந்தால் ஆட்டமே முடிந்திருக்க வேண்டும் அல்லவா? நேராக வலைக்கு நடந்து வந்து கையை நீட்டினான்.

"என் பந்து வெளிய. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"இல்லைங்க, உள்ளதான் விழுந்துச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றான் ஒட்டகம்.

"பெரிய மனசு உங்களுக்கு. கோட்டுக்காரர் கண் அசந்துட்டாரு, அவ்வளவுதான்."

கோட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் கூட்டம் முழுக்க எழுந்துவிட்டது. தொப்பிகள் பறந்தன. கோப்பையை வாங்கியவனைவிட விட்டவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். அந்த இரைச்சலில் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவர் குனிந்து கோட்டோரம் கிடந்த பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் தம்பியைக் கட்டிலில் கிடத்தினோம். டாக்டர் இரண்டு கண்களையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்தார். நான் கரண்டியால் ஊட்டினேன், பூந்துவாலையால் உடம்பு துடைத்தேன். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் அவன் நேர்மையைப் புகழ்ந்து கடிதம் எழுதினார்கள். அவற்றை நானேதான் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

"நல்லவேளை அக்கா, நீ இருந்த. இல்லைன்னா திருட்டுக் கோப்பைக்கு ஆடியிருப்பேன்" என்றான்.

"சரி சரி, பேசாம படு" என்றேன்.

நான்காம் வாரம் டாக்டர் கட்டை அவிழ்த்து விளக்கைக் காட்டினார். விளக்கு தெரிந்தது. விரல்கள் தெரிந்தன. பக்கத்துத் திரைகூடப் பாதி விலகியிருக்கிறது என்றான் தம்பி. "படலம் ஒட்டுது. இன்னும் நாலு வாரம் அசையாம இருந்தாப் போதும்" என்று சொல்லிக் கட்டைத் திரும்பப் போட்டார் டாக்டர். அடுப்படிக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பொய் சொன்னேன், கண்ணைக் காப்பாற்றினேன், எந்தச் சாமி வந்து கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு திமிர்.

ஐந்தாம் வாரம் ஒரு காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் கடிகாரக்காரர். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"தம்பியைப் பார்க்கணும்."

"பார்க்க முடியாதுங்க. உடம்பு சரியில்லை."

"அஞ்சு நிமிஷம் போதும். கோட்டைப் பார்க்கத் தெரியாதவன் கடிகாரத்து முள்ளை எப்படிப் பார்ப்பான்னு கடைக்கு வந்தே கேட்கிறாங்க. கிளப்புல என் நாற்காலியை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. என் கண்ணை அவரு எல்லார் முன்னாடியும் குறை சொன்னாரு. நான் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்கணும்."

உள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது: "யாரு அக்கா?"

"பால்காரர்" என்றேன். யோசிக்காமலே வந்தது.

"நான் பால்காரன் இல்லைங்க. கோட்டுக்காரன்" என்று அவர் உரக்கச் சொன்னார்.

"வரச் சொல்லு" என்றான் தம்பி. என்னால் தடுக்க முடியவில்லை. கட்டிலையும் கண்கட்டையும் மணல் மூட்டைகளையும் பார்த்துக் கடிகாரக்காரர் பேயறைந்தது போல நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். குடையும் தெரியாது, கண்ணும் தெரியாது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் ஐந்து வாரம் அடக்கி வைத்திருந்த மனிதர். கைக்குட்டையைப் பிரித்துப் பந்தை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்தக் கடைசிப் பந்துங்க. அப்பதான் புதுசா எடுத்துக் கொடுத்தது. அதுல ஒரே ஒரு இடத்துலதான் தடம் இருக்கு. நீங்களே பாருங்க" என்றார். சொன்ன பிறகு கண்கட்டு நினைவு வந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

என் தையல்தான். எட்டி நின்றே அந்தக் குறுக்குத் தையல் தெரிந்தது. தம்பியின் கட்டைவிரல் கம்பளியின் மேல் மெதுவாக ஊர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது. காய்ந்து பொருக்காக இருந்ததைச் சுரண்டினான். வரைபடத்தில் இல்லாத பொட்டைச் சுரண்டிய அதே கை.

"சுண்ணாம்பு" என்றான்.

"ஆமாங்க. கோட்டுல பட்டாத்தானே ஒட்டும்? நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் பார்க்கலைங்க. எனக்காகப் பார்த்தவங்க சொன்னாங்க." பிறகு என்னை அழைத்தான். "அக்கா."

"சொல்லுடா."

"உள்ளயா, வெளியவா?"

வெளியே என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான், நிச்சயம் நம்பியிருப்பான். அந்த மனிதர் கட்டில் காலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலக் கண்ணைச் சுற்றி அந்த வளையம்.

"உள்ள" என்றேன்.

தம்பி என் பக்கம் தலையைத் திருப்பினான். அவ்வளவுதான் செய்தான். ஐந்து வாரமாக ஒரு நூல் அசையாத தலை சடக்கென்று திரும்பியது. மணல் மூட்டை சரிந்து தரையில் விழுந்து வாய் பிரிந்தது. நான் அலறிக்கொண்டு ஓடி அவன் தலையைப் பிடித்தேன்.

"விடு அக்கா" என்றான். கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடிகாரக்காரரை இருக்கச் சொல்லிவிட்டு, அப்போதே செயலாளருக்குக் கடிதம் எழுதச் சொன்னான். கோட்டுக்காரர் சொன்னதே சரி, தவறு முழுக்கத் தன்னுடையது என்று அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முடித்ததும் பேனாவை அவன் கையில் கொடுக்கப் போனேன்.

"இருங்க," என்று கடிகாரக்காரர் பக்கம் கையை நீட்டினான். "நீங்க ஒரு தடவை படிங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியணும்."

அவர் என்னைப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு படித்தார். சொன்னபடியே எழுதியிருந்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.

எட்டாம் வாரம் கட்டை அவிழ்த்தபோது விளக்கும் தெரியவில்லை, விரலும் தெரியவில்லை. அன்று தலையைத் திருப்பியதால்தானா என்று டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆட்டத்தன்னைக்கே போயிருக்கவும் கூடும்" என்றார். அந்த மனிதர் எதற்கும் இப்படித்தான் பதில் சொல்வார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

பதினோரு ஆண்டு ஆகிவிட்டது. கடிகாரக்காரருக்கு அவருடைய நாற்காலி திரும்பக் கிடைத்தது. ஞாயிறுதோறும் வருகிறார், நான் வாரம் முழுக்கப் படித்துக் காட்டிய கடிதங்களைத் தம்பி அவரிடம் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறான். சட்டை வெளுப்பா என்று என்னிடம் கேட்டுவிட்டு, உண்மையான பால்காரரிடமும் கேட்கிறான். என்னிடம் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அக்கா, அக்கா என்றுதான் பேச்சு. அந்த நிலையில் திரும்ப நின்றால் திரும்பவும் குடையை மடக்குவேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். மடக்குவேன். பாழாய்ப்போன மனசு, மடக்குவேன் என்றுதான் சொல்கிறது.

இன்று காலை வெளியே கிளம்பக் கைத்தடியை எடுத்தவன் ஜன்னலருகே நின்றான்.

"மழையா அக்கா?"

"இல்லடா. பளிச்சுன்னு வெயில்."

"சரி" என்றான். பிறகு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.